நாற்பத்தெட்டு நாள் கணக்கு

கிள்ளான்
20 ஜனவரி 2025

அன்புள்ள குமுதா அண்ணிக்கு,

வாணி எழுதுகிறேன். நீங்களும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு முழுக்க என் பங்காகிவிட்டது. உங்கள் தம்பிக்கு விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடுதானே.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் கடிதமா என்று சிரிப்பீர்கள். உங்கள் தையல் கடையில் இரண்டு கையும் மெஷினில் இருக்கும், போன் ஸ்பீக்கரில் இருக்கும். போன மாதம் நான் தலைக்குக் குளிப்பது தள்ளிப்போனதைப் பற்றிக் கேட்டேன்; ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பேர் எனக்கு வைத்தியம் சொன்னார்கள். வாட்ஸ்அப் எழுதலாம் என்றால் உங்கள் தம்பி என் போனில்தான் முருகன் பாட்டுக் கேட்கிறார். அதனால்தான் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிசம்பர் இருபத்தைந்தில் தைப்பூசக் காவடிக்கு மாலை போட்டதிலிருந்து அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார், நான் அறையில். அது இருக்கட்டும். பொங்கலன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, தொடை இடுக்கில் நெறி கட்டியது. மறுநாள் சொல்லக் கூசுகிற இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். இரண்டு நாளில் உடைந்து புண்ணாகிவிட்டன. ஒன்றுக்குப் போனால் மிளகாய் பட்டது போல எரிகிறது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகிறேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஆபீஸ் டாய்லெட்டா, புது சோப்பா, தெரியவில்லை. எனக்கு அம்மா இல்லை. கல்யாணமாகி வந்த இந்த நாலு வருஷமாக எதுவானாலும் உங்களிடம்தான் கேட்கிறேன். இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். சீக்கிரம்.

உங்கள் பதிலுக்குத் தவிக்கும்
வாணி


பிரிக்ஃபீல்ட்ஸ்
25 ஜனவரி

அன்பு வாணிக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். என் முழங்காலைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. மெஷினை மிதிக்கிறவரை மிதிக்கும். உன் மஞ்சள் ரவிக்கை தயார், கையை இரண்டு விரல் இறக்கியிருக்கிறேன்.

நீ எழுதியது வெறும் உடம்புச் சூடு. நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும்? அக்கி மாதிரி கொப்புளம் போடும், தானே போகும். எங்கள் வீட்டில் வந்து போனதுதான், பெரிய விஷயமில்லை. பார்லித் தண்ணீர் குடி. சாமி சாமான் விற்கிற கடையில் காவி கிடைக்கும், குழைத்துப் போடு.

கிளினிக்குக்கு ஓடாதே. அங்கே கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி மானம் போகும். குகனிடமும் மூச்சு விடாதே. காவடி எடுக்கிற பிள்ளை, மனசு கலங்கக் கூடாது.

அன்புடன் அண்ணி
குமுதா


கிள்ளான்
3 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா என்று கேட்டுவிட்டு உடனே என் கதைக்கு வந்துவிடுகிறேன், மன்னியுங்கள்.

காவி போட்டேன். பிராணன் போய்த் திரும்பியது. குளியலறையில் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதேன். வெளியே உங்கள் தம்பி மணியடித்துப் பூஜை செய்துகொண்டிருந்தார். மறுநாள் ஆபீஸ் லீவுக்கு எம்.சி. வாங்குகிற சாக்கில் கிளினிக்குக்குப் போய்விட்டேன்.

டாக்டர் ஷபானா என்று ஒருவர். திட்டவில்லை. முதலில் காவியைக் கழுவினார். புண்ணைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். முந்தாநாள் முடிவு வந்தது. ஹெர்பிஸ், அண்ணி. பிறப்புறுப்பில் வருகிற ஹெர்பிஸ். அது ஒரு வைரஸ், உறவில் தொற்றுவது. ஒருமுறை வந்தால் முழுக்கப் போகாதாம், நரம்பில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். அவ்வப்போது எழுந்து வருமாம். மாத்திரை சாப்பிட்டால் சீக்கிரம் ஆறும், திரும்ப வருவதும் குறையும் என்றார். உயிருக்கு ஒன்றும் ஆகாது, நிறைய பேருக்கு இருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதே தெரியாது என்றும் சொன்னார். இன்னும் என்னென்னவோ சொன்னார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து கூகுளில் பார்த்தேன். தொற்றி இரண்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் வரும் என்று போட்டிருக்கிறது. விரலை மடக்கி எண்ணினேன். பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் என்றால் அவர் கூடத்தில், நான் அறையில். கணக்கு உதைக்கிறது.

உங்கள் தம்பியைத் தவிர ஓர் ஆணின் விரல் என் மேல் பட்டதில்லை. அப்படியென்றால் எனக்கு எங்கிருந்து வந்தது? மாலை போட்ட மனுஷனைச் சந்தேகப்படப் பயமாக இருக்கிறது. சந்தேகப்படாமல் இருக்கவும் முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது எண்ணுகிறேன், பஸ்ஸில் எண்ணுகிறேன். தைப்பூசம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உடனே எழுதுங்கள்.

வாணி


பூச்சோங்
18 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறீர்கள், பத்துமலையில் பார்த்தேனே. நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். நான் கை காட்டியதும் பால்குடத்தைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டீர்கள். முழங்கால் வலியோடு அத்தனை படிகளையும் என்னைவிட வேகமாக ஏறினீர்கள். என் கடிதம் கிடைத்ததா என்று கேட்கத்தான் பின்னால் ஓடிவந்தேன்.

மேலே இருக்கிற விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆபீஸ் தோழி மலர் வீட்டில் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் தம்பி, மேசையில் மாத்திரைப் பட்டையைப் பார்த்துவிட்டு என்ன மருந்து என்று கேட்டார். ஒளிக்க மனசு வரவில்லை. டெஸ்ட் தாளை எடுத்துக் கொடுத்தேன். போனில் ஏதோ தேடிப் படித்தார். அப்புறம் பேசினார்.

"நாப்பத்தெட்டு நாள் தரையில படுத்தவன் நான். உன்னத் தொட்டேனா? சொல்லு. பன்னெண்டு நாள்ல வரும்னு இங்க போட்டிருக்கு. உனக்குப் பொங்கலுக்கு வந்துச்சு. அப்போ நீ எங்க போன, யார்கூட இருந்த?"

"நான் எங்கயும் போகல. நீங்க டாக்டர்கிட்ட வாங்க, ரெண்டு பேரும் கேப்போம்."

"நான் எதுக்கு வரணும்? எனக்கு ஒண்ணுமே இல்ல லா! விரதம் இருந்தவனுக்கு இல்ல, வீட்டுல இருந்தவளுக்கு மட்டும் எப்படி வரும்?"

நான் திருட்டுத்தனமாகப் போட்ட அதே கணக்கை அவர் சத்தமாகப் போட்டார், அவ்வளவுதான். நான் அவர் மேல் போட்டேன், அவர் என் மேல் போட்டார். அவருக்கு விரதம் சாட்சியாக இருக்கிறது. எனக்கு யார் சாட்சி, அண்ணி?

காவடி எடுத்த காயம் ஆறாமல் முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்திலேயே படுத்தார். காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீங்கள் சொன்னால் கேட்பார். வந்து பேசுங்கள்.

வாணி


பிரிக்ஃபீல்ட்ஸ்
1 மார்ச்

அன்பு வாணிக்கு,

சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

கல்யாண சீசன், மூன்று வீட்டு ரவிக்கை கையில் இருக்கிறது, அசைய முடியவில்லை. ஆண்பிள்ளைக் கோபம், கொஞ்சம் பொறு. டாக்டரிடம் சரியாகக் கேட்டாயா? அடுத்தவர் துண்டு, டாய்லெட் இதிலெல்லாம் வராதா? மலர் வீட்டில் எத்தனை நாள் இருப்பாய்?

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ எதையும் மறைக்கவில்லையே?

குமுதா


பூச்சோங்
5 மார்ச்

அண்ணிக்கு,

கோபித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சுக விசாரிப்பு அடுத்த கடிதத்தில்.

டாக்டரிடம் சரியாகக் கேட்டேன். இந்த முறை தாளும் பேனாவும் எடுத்துப் போனேன். துண்டில் வராது, டாய்லெட்டில் வராது, சோப்பில் வராது. தோலோடு தோல் உரசுகிற உறவில் வருகிறது. புண் இருக்கும்போது அதிகம் தொற்றும். புண்ணே தெரியாத நாளிலும் தொற்றும். உதட்டோரக் கொப்புளம் இருக்கிறவர் வாய் வைத்தால்கூடக் கீழே வரலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது.

பன்னிரண்டு நாள் கணக்கையும் கேட்டேன். "அது எல்லாருக்கும் பொருந்தாதுமா" என்றார். "சிலருக்கு உள்ள வந்து வருஷக்கணக்கா சத்தமே இல்லாம கிடக்கும். அப்புறம்தான் மொத தடவ வெளிய தெரியும். எப்போ வந்துச்சு, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. நாள எண்ணி யாரையும் குத்தவாளி ஆக்காதீங்க."

திரும்ப வருவது எப்படி இருக்கும் என்றும் கேட்டேன். முதல் தடவை போலக் கொடுமையாக இருக்காதாம். முதலில் ஊசி குத்துகிற மாதிரி, இல்லை அரிப்பு, அப்புறம் நாலைந்து கொப்புளம், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். அதை எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். உங்கள் தம்பி ஜொகூர் வரை லோரி ஓட்டிவிட்டு வந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை "சீட் சூடு" என்பார். அரிக்கிறது, எரிகிறது என்பார், நாலு கொப்புளம் இருக்கும். நான்தான் பவுடர் வாங்கிக் கொடுப்பேன். எந்த லோரிக்காரருக்கும் வருவதுதான் என்று நினைத்தேன்.

மறைத்தாயா என்று கேட்டீர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். "எங்கள் வீட்டில் வந்து போனதுதான்" என்று எழுதினீர்களே, யாருக்கு வந்து போனது?

வாணி


பூச்சோங்
3 ஏப்ரல்

அண்ணிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன்.

உங்கள் பரமேஸ்வரன் பெரியப்பா போன் செய்தார். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அவர் வீட்டில் கூட்டமாம், அவர் வீட்டையும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் ஏழு வீடு. எதற்காகக் கூட்டம் என்று மற்ற ஆறு வீட்டுக்கும் போனில் சொல்லிவிட்டாராம். "நீ வந்து ஒளிக்காம சொல்லிருமா, அப்புறம் தீத்து விடறதா சேத்து வைக்கறதான்னு பாப்போம்" என்கிறார்.

அத்தனை பேர் நடுவில் நின்று, எனக்கு அந்த இடத்தில் புண் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வேன்? சோறு இறங்கவில்லை. மறுபடியும் கொப்புளம் வந்திருக்கிறது. கவலைப்பட்டாலும் வருமாம்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது.

வாணி


பிரிக்ஃபீல்ட்ஸ்
12 ஏப்ரல்

வாணி,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்றாலும் கேட்கிறேன்.

குகனுக்கு வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், உன்னைப் பெண் பார்ப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். அப்போது சிங்கப்பூர் வரை லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். யாரோடு பழகினான் என்று நான் கேட்டதில்லை. காய்ச்சலோடு வந்து, நடக்க முடியாமல் படுத்தான். "அக்கா, தொடையில அக்கி போட்டிருக்கு" என்றான். காவி வாங்கிக் கொடுத்தேன். அவன் கைலியில் காவிக் கறை எந்த இடத்தில் இருந்தது என்று துவைத்தவளுக்குத் தெரியாதா? மருந்துக் கடையில் யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டேன். அந்தப் பெண் இந்தப் பெயரைத்தான் சொன்னாள். ஆளைக் கூட்டி வாருங்கள், டாக்டர் பார்க்க வேண்டும் என்றாள். நான் கூட்டிப் போகவில்லை. அவனிடம் அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. உன் வீட்டுக்குப் பேசி முடிக்கப் போகிற அன்று காரில் வைத்து அவன் கேட்டான், "அக்கா, அந்த அக்கிய பத்தி அவங்ககிட்ட சொல்லணுமா?" "அக்கியெல்லாம் ஒரு வியாதியாடா" என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன். அவன் உன்னிடம் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினான்.

உன் முதல் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் எழுதியதெல்லாம் பயத்தில் எழுதியது. உன்னையே கேட்டேனே, மறைத்தாயா என்று, அதை எழுதிய கை கூசுகிறது.

நேற்று கிள்ளானுக்குப் போய் குகனிடம் எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் என்னை வெளியே போகச் சொன்னான். பெரியப்பாவிடம், புருஷன் பெண்டாட்டி சமாதானமாகிவிட்டார்கள், கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் நல்லது என்றார். நீ வீட்டுக்குப் போய்விடு. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

குமுதா


பூச்சோங்
24 ஏப்ரல்

அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், புண் காய்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

உங்கள் தம்பி இங்கே வந்தார். மலர் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். வீட்டுக்கு வா என்று அவர் சொல்வதற்குள், கிளினிக்குக்கு வாருங்கள் என்றேன். வந்தார். டாக்டர் எல்லாம் விளக்கினார். அரிப்போ புண்ணோ வந்தால் சேரக் கூடாது, மற்ற நாளில் ஆணுறை, வேண்டுமானால் தினமும் ஒரு மாத்திரை. குழந்தை பெறலாம், கர்ப்பமானதும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர், நான்தான் இவளுக்குக் குடுத்தேனா?" "இருக்கலாம். அப்படின்னாலும் தெரியாமத்தான் குடுத்திருப்பீங்க" என்றார். வெளியே வந்து கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து, லோரி ஓட்டுகிற அத்தனை பெரிய மனுஷன், போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

நோயை மன்னித்துவிட்டேன், அண்ணி. அது தெரியாமல் வந்தது. யார்கூட இருந்தாய் என்று கேட்டதை இன்னும் முழுக்க மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்கிறேன் என்று அவரிடமே சொன்னேன்.

உங்களிடம் கேட்பது வேறு. சமாதானம் ஆகிவிட்டது என்று பெரியப்பாவிடம் சொன்னீர்களே, அதற்கு அந்த ஏழு வீட்டிலும் என்ன அர்த்தம்? நான் தப்புச் செய்தேன், குகன் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்றுதானே? நாளைக்கு ஒரு விசேஷத்துக்குப் போய் நான் அங்கே எப்படிப் பந்தியில் உட்காருவேன்?

அந்த ஏழு வீட்டுக்கும் நீங்கள் நேரில் போங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். எப்படி வரும், எப்படி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் என்று சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் வீட்டில் இருந்தது, நீங்கள் மறைத்தீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், சொல்லட்டும் என்றார். ஏழாவது வீட்டில் சொல்லி முடித்த அன்று நான் கிள்ளானுக்குத் திரும்புகிறேன். அதுவரை மாட்டேன்.

வாணி


பிரிக்ஃபீல்ட்ஸ்
8 ஜூன்

அன்புள்ள வாணிக்கு,

நீயும் குகனும் ஒரே கூரைக்குக் கீழே நலமாக இருக்கப்போகும் நாளை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆறு வாரமாகப் பதில் போடாததற்கு இந்த முறை வேறு காரணம். முதல் வீட்டு கேட் வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவைதான் உள்ளே போனேன். பெரியப்பா காதைப் பொத்திக்கொண்டார், "இதெல்லாம் பொம்பள வாயில வர்ற பேச்சா?" என்றார். "கூட்டம் போட்டு அவள மட்டும் பேசச் சொன்னீங்களே" என்றேன். உட்கார்ந்து கேட்டார். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் உட்காரவே சொல்லவில்லை. இனி ரவிக்கை தைக்க என்னிடம் வர மாட்டோம் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். பரவாயில்லை. ஆறாவது வீட்டில் எனக்குக் குரல் நடுங்கவில்லை.

இன்றைக்குக் காலையில் கடைசி வீடு, இராஜம்மா அத்தை வீடு. உன்னைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் பேசியவர் அவர்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். போய்வருகிறேன் என்று எழுந்தேன், அப்போதும் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏழு வீடும் முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைத்துப் போக குகன் பூச்சோங் வருவான். இதற்கு மேல் நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். நான் செருப்பு மாட்டும்போது இராஜம்மா அத்தை பின்னாலேயே வந்தார். உள்ளே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த டாக்டரம்மா கிளினிக் எந்த ரோட்டில் இருக்கிறது, பொம்பளை தனியாகப் போனால் பார்ப்பார்களா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷமா வந்து வந்து போகுது, குமுதா. எனக்கும் அக்கின்னுதான் சொன்னாங்க."

குமுதா